அடுத்த வீட்டுச் சாமியும் அடுத்த வீட்டு அடுப்பும்

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் ஓரளவு கைவந்ததும் ஊர்க்காரர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். 1712 தொடங்கி 1714 வரை பதில் கடிதங்கள் வந்தன. அவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சாயின. கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது அவர் கேட்டவற்றில் ஒன்று. திரித்துவம், சிலுவை, பாவமன்னிப்பு என்று ஏதாவது பதில் வரும் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். வந்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. மாட்டை அறுத்துத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், வெளிக்குப் போய்வந்து கால் கழுவுவதில்லை, செத்தவர்களுக்குச் செய்யவேண்டிய சடங்கைச் செய்வதில்லை. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம், நடப்புத்தான் சகிக்கவில்லை என்பதே அந்தக் கடிதங்களின் தொனி. ஒரு பாதிரியாரின் கை வழியாக, இன்னொரு மொழியில் நமக்குக் கிடைப்பவை என்பதால் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தன் ஆட்களைப் பற்றிய இந்த வசவை ஒரு பாதிரியார் கற்பனை செய்து எழுதியிருக்க மாட்டார்.

அதே சீகன்பால்கு 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரிசையைப் பொறுமையாகக் கேட்டறிந்து ஒரு நூல் எழுதினார். ஹாலேயில் இருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கோபம். நூல் அச்சேற 1867 வரை, அதுவும் சென்னையில், காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் எதை நம்புகிறார் என்று உள்ளபடி எழுதுவதே துரோகமாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது.

மாற்று நம்பிக்கையாளர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைத் தமிழ் நிலத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தொடர்ந்து கண்ணில் படுகிறது. இங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் அளப்பது நம்பிக்கையைக் கொண்டு அன்று. அடுப்பு, பந்தல், சுடுகாடு ஆகிய மூன்றைக் கொண்டுதான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய், கும்பிடுகிறாயா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். என்ன தின்கிறாய், எங்கே பெண் எடுக்கிறாய், செத்தால் எரிப்பாயா புதைப்பாயா என்பதே முதல் கேள்வி. நாத்திகருக்கு இந்த மண் இடம் கொடுத்ததற்கும், மதம் கடந்த திருமணத்துக்கு இன்றுவரை இடம் கொடுக்காததற்கும் காரணம் இந்த ஒன்றே.

நம்பிக்கையை நம்பிக்கையாகவே எடுத்து வாதிட்ட மரபு இங்கே இல்லாமல் இல்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில் சாத்தனார் தம் நாயகியை வஞ்சி மாநகரத்துக்கு அனுப்புகிறார். அங்கே வேற்றுருவில் சென்று, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் சமயத்தைக் கேட்டறிகிறாள். கடைசியில் வருபவன் பூதவாதி, அந்தக் காலத்து நாத்திகன். கண்ணால் காண்பதே மெய், மறுபிறப்பு பொய் என்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டே மடக்குகிறாள்: உன் தாய் தந்தை இன்னார் என்பதை நீ கண்ணால் கண்டா அறிந்தாய்? கேள்வி கூர்மையானது. ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பௌத்த நூல் ஒன்று அவனுக்கும் பந்தியில் ஓர் இலை போட்டிருப்பதுதான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கினார். பதினான்கு மாற்றுக் கொள்கைகள். முதலில் நிற்பவன் உலகாயதன். ஒவ்வொரு கொள்கையையும் முதலில் அதன் ஆளே பேசுவதுபோல் எடுத்து வைக்க வேண்டும், பிறகுதான் மறுக்க வேண்டும் என்பது முறை. மறுப்பு ஈவிரக்கம் இல்லாதது. ஆயினும் எதிராளியின் கட்சி என்ன என்பது படிப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. சமண நூலான நீலகேசி குண்டலகேசியை மறுக்க எழுந்தது. மறுக்கப்பட்ட பௌத்த காப்பியம் அழிந்துபோய், அதைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பங்கு மறுத்த நூலின் வழியாகவே வருகிறது. பகைவன் வீட்டுப் பரணில் நம் வீட்டுப் பத்திரம் கிடைத்த கதை.

ஆனால் இது புலவர்களின் அரங்கம். தெருவில் பாடப்பட்ட தேவாரத்தைப் பார்த்தால் வேறு குரல் கேட்கிறது. சம்பந்தர் சமணரைச் சாடும் பதிகங்களில் அநேகாந்தவாதம் பற்றிய விசாரணை அரிது. நின்றுகொண்டு உண்கிறார்கள், பல் துலக்குவதில்லை, குளிப்பதில்லை, தலைமயிரைப் பறித்துக்கொள்கிறார்கள் என்பவைதாம் குற்றச்சாட்டுகள். தரங்கம்பாடிக் கடிதங்களுக்கு ஆயிரம் ஆண்டு முந்தைய அதே பார்வை. எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்வது நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அப்படி ஒரு கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு சமூகம் கூசவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி இந்த ஊர்ப் பார்வையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். காவி உடுத்தார், மாமிசம் விட்டார், பறங்கிகளோடு சேர்ந்து உண்பதை நிறுத்தினார். அவர் சபையைச் சேர்ந்த மற்றொரு குருவே ரோமுக்குப் புகார் எழுதினார். பூணூலும் சந்தனமும் குடுமியும் மத அடையாளமா, வெறும் ஊர் வழக்கமா என்பதுதான் வழக்கு. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளோடு, வழக்கம்தான் என்று அனுமதித்தார். நொபிலி வென்றார். கூடவே சாதியும் வென்றது, ஏனென்றால் அதுவும் வழக்கம் என்ற கணக்கிலேயே கோயிலுக்குள் நுழைந்தது. கிறிஸ்தவனாகிவிட்ட பிறகும் ஒருவன் இன்னொருவனைப் பார்க்கும் கண் மாறவில்லை.

ஆறுமுக நாவலர் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பிறகு அவர்களுடைய அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், பிரசங்கம் என்ற மூன்று ஆயுதங்களையும் எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். எதிரியின் நூலை எழுத்தெண்ணிப் படித்தவர் என்பதால் அவருடைய கண்டனங்களில் சத்தைக் காணலாம். அப்படிப் படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் இன்று அருகிவிட்டார்கள்.

நாத்திகனைப் பற்றி மேற்கில் இருந்த பயம் இங்கே அந்த அளவில் இருந்ததில்லை. ஜான் லாக் 1689-இல் சமயப் பொறை பற்றி எழுதியபோதும் நாத்திகர்களுக்குக் கதவைச் சாத்தினார். கடவுள் இல்லை என்பவனின் சத்தியத்தை எப்படி நம்புவது என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா 1880-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், சத்தியப் பிரமாணச் சிக்கலால் 1886-இல்தான் இருக்கையில் அமர முடிந்தது. அதே ஆண்டுகளில் சென்னையில் ஒரு சிறு குழு 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக இதழை நடத்திக்கொண்டிருந்தது. 1882 முதல் 1888 வரை வெளிவந்த அவ்விதழ் பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தது. ஈரோட்டில் பெரியார் இதழ் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டு முன்பே தமிழில் அச்சான நாத்திகம் இது என்பதைப் பெரியார் அன்பர்களிலும் பலர் அறியார்.

மேற்கின் பயம் இன்றும் தீரவில்லை. தகுதியுள்ள நாத்திகர் ஒருவர் தேர்தலில் நின்றால் வாக்களிப்பேன் என்று 1958-இல் காலப் நிறுவனத்திடம் சொன்ன அமெரிக்கர் 18 விழுக்காடு. 2020-இல் அது 60 விழுக்காடாயிற்று. என் பிள்ளை நாத்திகரை மணந்தால் ஏற்கமாட்டேன் என்று 2006-இல் வெளியான மின்னசோட்டா ஆய்வில் சொன்னவர்கள் சுமார் 48 விழுக்காடு. முஸ்லிமை மணந்தால் ஏற்கமாட்டேன் என்றவர்கள் 34 விழுக்காடுதான். இரட்டைக் கோபுரம் விழுந்து சில ஆண்டுகளே ஆன நேரத்தில் எடுத்த கணக்கு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017-இல் வில் கெர்வே குழுவினர் இந்தியா உட்பட 13 நாடுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். கொடூரமான தொடர்கொலைகாரன் ஒருவனைப் பற்றிய குறிப்பைக் கொடுத்து, அவன் நாத்திகனாக இருப்பானா என்று சிலரிடமும் ஆத்திகனாக இருப்பானா என்று சிலரிடமும் மறைமுகமாகக் கேட்டார்கள். நாத்திகன் பக்கமே எண்ணம் கூடுதலாகச் சாய்ந்தது. கேட்கப்பட்டவர்களில் இருந்த நாத்திகர்களுக்கும் அதே சாய்வு. கடவுளை விட்டவர்களும் கடவுள் இல்லாதவனை நம்ப முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை போலும்.

தமிழ்நாட்டில் நாத்திகன் கொலைகாரனாகத் தெரிவதில்லை, வேடக்காரனாகத்தான் தெரிகிறான். வெளியே கறுப்புச் சட்டை, வீட்டுக்குள்ளே பூசை அறை. மேடையில் பகுத்தறிவு, மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த நாள். ஆத்திகர்களின் கேலி முழுவதும் இதுதான். கவனித்தால் இதுவும் நடப்பைப் பற்றிய கேலி. கடவுள் இல்லை என்கிறானே பாவி என்று யாரும் பதறுவதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டுக் கும்பிடுகிறானா பார் என்பதில்தான் ஆர்வம்.

மறுபக்கப் பார்வையையும் சொல்ல வேண்டும். சுயமரியாதை இதழ்களைப் புரட்டினால் ஆத்திகர் இரண்டே வகை: ஏமாற்றுகிறவர், ஏமாறுகிறவர். மூன்றாவதாக, யோசித்துப் பார்த்து, தெரிந்தே கும்பிடுகிற ஆள் அந்தப் பக்கங்களில் அநேகமாக இல்லை. இது அந்த இயக்கத்தின் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஆனால் அதன் தலைவரான பெரியாரின் பழக்கவழக்கம் அவருடைய எழுத்தைவிட அகலமானது. 1925 மே 2-இல் ஈரோட்டில் அவருடைய குடி அரசு இதழின் அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள், ஒரு வீரசைவ மடாதிபதி. சைவப் பற்றாளரான திரு.வி.க. ஈரோட்டில் தங்கியபோது, குளித்துவிட்டு வந்த அவருக்குப் பெரியார் திருநீற்றை எடுத்து நீட்டினார் என்று இன்றும் சொல்லக் கேட்கலாம். ராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தபோது சக்கர நாற்காலியில் போய் அழுதவர் அவர். இருவரும் ஒப்புக்கொண்ட விஷயம் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்கதே.

குன்றக்குடி அடிகளார் உறவு இன்னும் விசித்திரம். பெரியாரின் பிரச்சாரத்தை எதிர்கொள்ள அருள்நெறித் திருக்கூட்டம் கண்டவர், நேரில் பழகிய பிறகு அவரோடு ஒரே மேடையில் நிற்கலானார். தீண்டாமையும் அறியாமையும் ஒழியவேண்டும் என்பதில் மடத்துக்கும் பெரியார் திடலுக்கும் வேறுபாடில்லை என்று அவர் கண்டதே காரணம். 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதியபோது, இரு பக்கமும் நடந்து சமாதானம் பேச ஒத்துக்கொள்ளப்பட்ட ஆள் அடிகளாராகவே இருந்தார். நாத்திகரோடு நட்பாயிருந்த சாமியாரைக் கடற்கரைக் கிறிஸ்தவர்களும் நம்பினார்கள்.

பெரியார் 1947-இல் திருச்சியில், இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து என்று பேசினார். கடவுளே இல்லை என்பவர் ஒரு கடவுளின் மார்க்கத்தைப் பரிந்துரைப்பதாவது என்று ஆத்திகரும் நாத்திகரும் சேர்ந்தே திகைத்தார்கள். அவர் அல்லாவைப் பார்க்கவில்லை, பந்தியைப் பார்த்தார். தீண்டத்தகாதவன் எனப்பட்டவன் மறுநாள் ஒரே வரிசையில் நிற்கமுடியுமா என்பதே அவர் கணக்கு. 1981-இல் மீனாட்சிபுரத்தில் சில நூறு பேர் அதே கணக்கைப் போட்டு மதம் மாறியபோது நாடே அதிர்ந்தது. வளைகுடாப் பணம் என்றார்கள். தொழுகையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

பிள்ளையார் உடைப்பையும் விட முடியாது. 1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் மண் பிள்ளையார் உடைக்கப்பட்டது. சைவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கடையில் வாங்கிய மண்பொம்மை புனிதமாகாது என்ற கருத்தில் கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றம் 1958-இல் அந்த விளக்கம் தவறு என்றது. ஒரு சாரார் புனிதமாகக் கருதும் எதையும் சட்டம் காக்கும், அந்த நம்பிக்கை நீதிபதிக்கு உண்டா, அது அறிவுக்கு ஒத்துவருமா என்பது பொருட்டில்லை என்று சொல்லிவிட்டு, காலம் கடந்துவிட்டதால் மேல்நடவடிக்கை வேண்டாம் என்று முடித்தது. 2019-இல் பெரியார் சிலைகளின் கீழுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது: நம்புகிறவருக்குச் சொல்ல உரிமை இருந்தால் மறுப்பவருக்கும் உண்டு. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால், சொல்லலாம், உடைக்காதே என்றாகிறது. ஊர் ஏற்கெனவே வைத்திருந்த ஏற்பாடும் ஏறத்தாழ அதுதான்.

1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் இயக்கத்து ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டது என்ற செய்தி தி.மு.க.வுக்கு எதிரான தேர்தல் பிரச்சாரமாகவே ஆயிற்று. மார்ச்சில் தி.மு.க. 184 இடங்களை வென்றது. வாக்களித்தவர்கள் நாத்திகராகிவிடவில்லை, அவர்கள் பார்த்தது வேறு கணக்கு. அண்ணா வெகு முன்னதாகவே திருமூலரைத் துணைக்கு அழைத்துக் கட்சியைக் கடவுள் மறுப்பிலிருந்து நகர்த்தியிருந்தார். அமைச்சர்களில் சிலர் கடவுளறிய, சிலர் உளமார என்று உறுதி எடுக்கிறார்கள். பிராட்லாவை ஆறு ஆண்டு வாசலில் நிறுத்திய சிக்கல் இங்கே செய்தித்தாளில் ஒரு வரி. 2007-இல் அன்றைய முதல்வர் கருணாநிதியின் கோபாலபுரம் வீட்டுக்குச் சாய்பாபா வந்தார். சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீர்க் கால்வாயைச் சீரமைக்க அவருடைய அறக்கட்டளை பணம் போட்டிருந்தது. கருணாநிதி தண்ணீருக்கு நன்றி சொன்னார்.

இவ்வளவு நாத்திகம் பேசிய மாநிலத்தில் நாத்திகர் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் தம்மை நாத்திகர் என்று எழுதவைத்தவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 33,000. தமிழ்நாட்டில் சுமார் 1,300 பேர்தான், மகாராஷ்டிரத்தில் அதைப்போல் ஏழு மடங்கு. கணக்கெடுப்பவர் மதம் என்ன என்று கேட்கும்போது கறுப்புச் சட்டைக்காரரும் இந்து என்று எழுதவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். மதம் போனால் சாதிச் சான்றிதழ் என்னாகும் என்ற கவலை ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கேள்வியை அவரே நம்பிக்கை பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை.

பியூ ஆய்வு மையம் 2019-20-இல் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய ஆய்வு இதை எண்களில் காட்டுகிறது. கடவுளை நம்பாதவர் இந்துவாக இருக்க முடியாது என்று சொன்ன இந்துக்கள் 49 விழுக்காடு. மாட்டுக்கறி தின்பவர் இந்துவாக இருக்க முடியாது என்றவர்கள் 72. முஸ்லிம்களில், கடவுளை நம்பாதவர் முஸ்லிம் இல்லை என்றவர் 60, பன்றிக்கறி தின்பவர் முஸ்லிம் இல்லை என்றவர் 77. ஓரிறைக் கொள்கையே உயிர்நாடியான மதத்திலும் இறைவனைவிட இறைச்சி முந்துகிறது! வினைப்பயனை நம்புகிறவர்கள் இந்துக்களில் 77 விழுக்காடு, முஸ்லிம்களிலும் 77. நம்பிக்கை இவ்வளவு கலந்து கிடக்கிறது. அதே ஆய்வில், எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியனுக்கு மிக முக்கியம் என்றவர்கள் 84 விழுக்காடு. தம் பெண்கள் வேறு மதத்தில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67, முஸ்லிம்களில் 80. இதை முரண்பாடு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு முரண்பாடாகத் தெரியவில்லை. உன் சாமியை நான் மதிக்கிறேன், என் வீட்டுப் பந்தலுக்குள் வராதே என்பது ஒரே வாக்கியம்.

நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் மாதாவை அம்மனாகக் காண்பவர்கள் ஏராளம். இவற்றைக் காட்டி நம் நல்லிணக்கத்தை மெச்சிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மெச்சலாம், தவறில்லை. ஆனால் நேர்ச்சைக்காக ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதற்குச் செலவு குறைவு. பெண் கொடுப்பதில்தான் செலவு.

ஊர் ஏற்பாடு முறியும் இன்னோர் இடம், உள்ளிருந்தே ஒருவன் வெளியேறுவது. நாத்திகர்கள் இந்து சாமிகளை மட்டும்தான் திட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் பழையது. பெண்களை முக்காட்டுக்குள் வைப்பதைப் பெரியார் கண்டித்திருக்கிறார், எனினும் அவர் இதழ்களில் பெரும்பங்கு எதிர்ப்பு எந்த மதத்தின் பக்கம் போயிற்று என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. பிறந்த வீட்டுக் குப்பையைத் தான்தான் கூட்டவேண்டும் என்பது ஒரு நியாயம். 2017 மார்ச்சில் கோவையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த, திராவிடர் விடுதலைக் கழகத்து இளைஞர் ஒருவர் தம் பிறந்த வீட்டுக் குப்பையைப் பற்றி எழுதத் தொடங்கினார். வெட்டிக் கொன்றார்கள். புனேயில் 2013-இல் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் தபோல்கரைச் சுட்டவர்கள் அவர் பிறந்த இந்து மதத்துக்காரர்களே. வேற்று மதத்தவன் திட்டினால் கலவரம் வரலாம். உள்ளிருந்து ஒருவன் வெளியேறினால் வரும் ஆத்திரத்தின் நிறம் வேறு. நம்மவன் என்ற வரிசை அவனால் கலைகிறது.

சட்டமும் அந்த வரிசையைத்தான் காக்கிறது. அண்ணா ஆட்சி 1967-இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் புரோகிதரையும் தீயையும் விலக்கி, மாலை மாற்றினாலே போதும் என்றாக்கியது. உலக நாத்திக வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. அது அமர்ந்திருப்பதோ இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில். எந்த இரு இந்துக்களுக்கும் பொருந்தும் என்பது அதன் வாசகம். இந்து வீட்டில் பிறந்த இரண்டு நாத்திகர்கள் அதன்படி மணக்கலாம், சட்டத்தின் கண்ணில் அவர்கள் இந்துக்களே. இந்து வீட்டு நாத்திகரும் முஸ்லிம் வீட்டு நாத்திகரும் மணப்பதென்றால் அது உதவாது. இருவருக்கும் கடவுள் இல்லை என்பதில் ஒற்றுமை இருந்தும், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் இருப்பவர் வரலாம். பெரும்பாலும் வருகிறவர்கள் உறவினர்கள்.

கேரளத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு பெண், தன் சொத்துரிமைக்கு ஷரியத்துக்குப் பதில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நான் இன்னதை நம்பவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள ஏதாவது ஒரு சட்டம் இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்டது.